ஒரு சங்கிலியை எத்தனை பேர் செய்கிறார்கள்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்துப் பட்டணங்களில் நகைப் பேச்சுக்குப் பஞ்சம் வருவதில்லை. தீபாவளி போனஸ் கைக்கு வரும் வாரத்திலோ கல்யாண மாதங்களிலோ கடைத்தெருவில் சிறிது நேரம் நின்றால் போதும். ‘சேதாரம் என்று சொல்லியே பத்தர் பாதியைச் சுருட்டிவிட்டார்’, ‘இது கே.டி.எம். நகை, அதனால் சுத்தம்’, ‘மிஷின் நகையில் கைவேலையே கிடையாது’, ‘கடைக்காரரே உள்ளே உட்கார்ந்து செய்து தருகிறார்’ என்ற நான்கையும் ஒரே மாலையில் கேட்டுவிடலாம். இவற்றுள் ஒன்றுகூட முழு உண்மை இல்லை. நான்குக்கும் வேர் ஒன்றே: ஒரு நகையை ஒரே ஆள் தொடக்கம் முதல் முடிவு வரை செய்கிறார் என்ற எண்ணம். அந்த எண்ணம் ஒரு காலத்துக்குப் பொருந்தியது. இப்போது பெரும்பாலும் பொருந்துவதில்லை. உருக்குபவர், கம்பி இழுப்பவர், பற்றவைப்பவர், வார்ப்பவர், கல் பதிப்பவர், மெருகிடுபவர் என்று பலரிடம் கைமாறித்தான் ஒரு நல்ல பொன்நகை கண்ணாடிப் பெட்டிக்கு வந்து சேருகிறது. அவர்கள் என்ன செய்கிறார்கள், ஏன் அந்த வரிசையில் செய்கிறார்கள் என்பதைப் பொன் வேலையே பார்த்திராதவர்களுக்கும் புரியும்படி சொல்வதே இக்கட்டுரையின் வேலை.

பால்மரத்திலிருந்து தொடங்குவோம்

பால்மரம் என்னும் ரப்பர் மரத்தை வெட்டிப் பால் எடுத்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் இதை விளக்குவது எளிது. விடியுமுன் மரத்தில் கோடு இழுத்துப் பால் சேர்த்தவர் ஒருவர். ஸ்டோரில் அதை நிறுத்துக் கணக்கில் ஏற்றிய கிராணி வேறொருவர். வடிகட்டித் தண்ணீர் கலந்து, தொட்டியில் ஃபார்மிக் அமிலம் விட்டு உறையவைத்தவர், உறைந்ததை உருளையில் கொடுத்துத் தகடாக்கியவர், புகைக்கூட்டில் கழிகளில் தொங்கவிட்டு நாள்கணக்கில் அனல் பார்த்தவர் என்று கைகள் மாறிக்கொண்டே போகும். காய்ந்த ஷீட் ஒன்றைக் காட்டி ‘இதைச் செய்தவர் யார்?’ என்று கேட்டால், ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிட முடியாது.

எடைக் கதையும் அப்படித்தான். வாளியில் நிறுத்த பாலின் எடை ஷீட்டில் இருக்காது. பாலில் ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான், மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். அதே சமயம், கோட்டில் காய்ந்து ஒட்டிய பாலும் மங்கில், அதாவது பால் வடியும் கிண்ணத்தில், உறைந்த கட்டிப்பாலும் குப்பைக்குப் போனதில்லை. அவற்றைத் தனியே சேர்த்துத் தனி விலைக்கு விற்றார்கள். பொன்னில் தண்ணீர் இல்லை. ஆகவே குறைவது மிகச் சிறிய அளவே. ஆனால் ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் உதிர்கிறது என்பதும், உதிர்ந்தது பெரும்பாலும் திரும்பக் கிடைக்கிறது என்பதும், அதைக் கணக்கில் வைக்க ஒருவர் வேண்டும் என்பதும் இரண்டுக்கும் பொது.

கடைக்காரரும் பொற்கொல்லரும்

நெருப்பையும் கருவியையும் கொண்டு பொன்னை உருவாக்குபவர் பொற்கொல்லர். பேச்சில் அவரைப் பத்தர் என்போம், ஆசாரி என்போம், தட்டார் என்போம். அவர் வேலை செய்யும் இடம் பட்டறை. நகைக்கடைக்காரர் வணிகர். பொன்னை வாங்கிப் பட்டறைக்குக் கொடுப்பது, செய்த நகையை வாங்கி அடுக்குவது, விற்பது, பழையதை மாற்றிக்கொள்வது ஆகியவை அவர் வேலை. பொற்கொல்லராக இருந்து கடை வைத்தவர்கள் உண்டு. ஆனால் கடை வைத்திருப்பவர் எல்லாரும் ஊதுகுழலைத் தொட்டவர் அல்லர்.

இரண்டும் ஒன்றாகத் தோன்றுவதற்குக் காரணம் இருக்கிறது. தோட்டங்களில் பால்மரமே நிறைந்திருந்த காலத்தில், கடைவரிசையின் முன்னுள்ள அஞ்சடி நடைபாதையிலோ ஓர் ஒடுங்கிய கடையின் முன்பக்கத்திலோ பத்தர் ஒருவர் கரி அடுப்போடும் அடைகல்லோடும் உட்கார்ந்திருப்பார். பழைய காப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவரே உரசிப் பார்த்து, அவரே உருக்கி, அவரே தட்டி, அவரே மெருகேற்றித் தோடாகத் திருப்பித் தருவார். பெரிய ஊர்களில் இத்தொழில் தெருவாகவே அமைந்திருந்தது. மலாக்காவில் 1781-ஆம் ஆண்டுப் பொய்யாத விநாயகர் கோயில் நிற்கும் தெரு, ஜாலான் துக்காங் எமாஸ் என்று பொற்கொல்லர் பெயரையே இன்றும் தாங்கியிருக்கிறது. அந்தத் தனி மனிதரின் உருவத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இன்றைய கண்ணாடிக் கடையையும் நாம் பார்க்கிறோம்.

சுருக்கமாக: விற்பவர் வேறு, செய்பவர் வேறு, செய்பவர் என்பதும் ஒருவர் அல்லர்.

உருக்குபவரும் மாற்றுப் பார்ப்பவரும்

முதல் கை உருக்குபவருடையது. தூய பொன் மிகவும் மென்மையானது. அதில் செய்த வளையல் நெளியும், கல்லைப் பிடித்து நிற்காது. ஆகவே செம்பும் வெள்ளியும் சேர்க்கிறார்கள். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைக் குறிக்கும் அளவே காரட். மொத்தத்தை 24 பங்காகக் கொண்டால் 22 பங்கு பொன் இருப்பது 22 காரட். அதையே ஆயிரத்துக்கு எத்தனை என்று சொன்னால் 916. நம் ஊரில் நகையைக் காட்டி ‘நைன் ஒன் சிக்ஸ்தானே?’ என்று கேட்பது இதைத்தான். கணக்கு எளிது: 12 கிராம் 22 காரட் நகையில் 11 கிராம் தூய பொன்னும் 1 கிராம் பிற உலோகமும் இருக்கும். செம்பு கூடினால் நகை சிவக்கும். வெள்ளி கூடினால் வெளிறும். இந்தியக் கடை நகைக்கும் சீனக் கடை நகைக்கும் நிறம் வேறாகத் தெரிவதற்கு இந்தக் கலவையும் காரணம், தூய்மை அளவும் காரணம்.

தூய பொன் 1064 பாகை செல்சியஸில் உருகுகிறது. மூசை என்ற சிறு மண்கிண்ணத்தில் அல்லது கிராஃபைட்டால் ஆன கிண்ணத்தில் இட்டு, வெங்காரம் (போராக்ஸ்) தூவி, கலவை ஒன்றாகும்படி அசைத்து, எண்ணெய் தடவிய அச்சில் ஊற்றிக் கட்டியாக்குவார்கள். பார்க்க எளிதாகத் தோன்றும் இவ்வேலையில் ஒரு கண்ணி உண்டு. பழைய நகையில் எப்போதோ எவரோ மலிவாக ஈயப்பற்று வைத்துப் பழுதுபார்த்திருந்தால், அந்தச் சிறிதளவு ஈயமே முழுக் கட்டியையும் நொறுங்கும் தன்மையுடையதாக்கிவிடும். தகடு இழுக்கும்போது ஓரமெல்லாம் வெடிக்கும். அனுபவமுள்ளவர் உருக்குவதற்கு முன் பழைய நகையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது இதற்காகத்தான்; அதன் அழகைப் பார்ப்பதற்கு அன்று.

தாலிக்குப் பொன்னுருக்கும் சடங்கை நம் குடும்பங்களில் பார்த்தவர்கள் இந்த ஒரு கட்டத்தை மட்டும் கண்ணால் கண்டிருப்பார்கள். நல்ல நேரத்தில் காசு உருகி முத்தாகத் திரண்டதும் குடும்பம் எழுந்து போய்விடுகிறது. அதன்பின் நடக்கும் வேலை முழுவதும் பார்வைக்கு அப்பால்தான்.

மாற்றுப் பார்ப்பவர் என்பவர் தூய்மையைச் சோதிப்பவர். கருநிற உரைகல்லில் நகையை ஒரு கோடு உரசி, அருகே தூய்மை தெரிந்த பொன்னால் இன்னொரு கோடு உரசி, இரண்டின் மீதும் அமிலம் தொட்டு நிறம் எப்படி மாறுகிறது என்று ஒப்பிடுவது பழைய முறை. பஜாக் கடை என்னும் அடகுக் கடையில் இன்றும் கல்லும் அமிலக் குப்பியும் மேசையில் இருப்பதைக் காணலாம். எக்ஸ்-கதிர் பாய்ச்சி அளக்கும் இயந்திரம் புதிய முறை. நகை கெடாமல் சில நொடிகளில் விடை தரும். ஆனால் அக்கதிர் மேற்பரப்பின் மெல்லிய அடுக்கை மட்டுமே படிக்கிறது. தடித்த பொன்முலாமுக்குள் வேறு உலோகம் மறைந்திருந்தால் ஏமாறக்கூடும். ஐயம் வந்தால் அரத்தால் சிறிது கீறிப் பார்ப்பதும், கடைசியாக உருக்கிப் பார்ப்பதுமே உறுதி.

கம்பி இழுப்பவர்

கட்டியாக வந்த பொன்னை உருளைகளுக்கிடையே கொடுத்துத் தகடாக்குவது அல்லது கம்பியச்சின் வழியாக இழுத்துக் கம்பியாக்குவது அடுத்த கை. கம்பியச்சு என்பது பெரியதிலிருந்து சிறியது வரை துளைகள் வரிசையாக இடப்பட்ட எஃகுப் பட்டை. ஒரு துளையில் நுழைத்துக் குறட்டால் இழுத்து, அதைவிடச் சிறிய துளையில் மீண்டும் இழுத்து, இப்படியே மெலியச் செய்வார்கள். ஒரு கிராம் பொன்னை 2 கிலோமீட்டருக்கும் அதிகமாக நீட்டலாம் என்பது பொன்னின் இயல்பு. ஆனால் இழுக்க இழுக்க அது விறைத்துப்போகும். இடையிடையே அனலில் காய்ச்சி இளக்காவிட்டால் அறுந்துவிடும்.

சங்கிலிகளில் பெரும்பாலானவை இப்போது இயந்திரத்தில் பின்னப்படுகின்றன. கம்பியை வளைத்து, கண்ணியாக வெட்டி, ஒன்றோடொன்று கோத்து நாள் முழுக்க ஓடும் இயந்திரங்கள் அவை. ஆயினும் இயந்திரம் தருவது மீட்டர் கணக்கிலான தொடர்தான். அதை அளவாக வெட்டுவது, கொக்கி வைப்பது, முகப்பு சேர்ப்பது, முறுக்கு இல்லாமல் நேராக விழுகிறதா என்று கையில் தொங்கவிட்டுப் பார்ப்பது எல்லாம் ஆள் வேலை. ‘மிஷின் நகை’ என்று நாம் ஒதுக்கும் சங்கிலியிலும் கடைசி இரண்டு அங்குலம் ஒரு பொற்கொல்லருடையது. பெரும்பாலும் அறுவதும் அந்த இடத்தில்தான்.

பற்றவைப்பவர்: தொழிலின் நடுமையம்

நகை என்பது பெரும்பாலும் பல துண்டுகளின் கூட்டு. ஒரு ஜிமிக்கியை எடுத்துக்கொண்டால் குடை ஒரு துண்டு, அதன் விளிம்பில் வரிசையாகச் சிறு மணிகள், மேலே வளையம், தோட்டின் பின்னால் திருகாணி, அதற்கொரு சுரை. இவற்றை ஒன்றாக்குவது பற்றவைப்பு. பற்றவைக்கப் பயன்படும், நகையைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும் பொற்கலவையைத் தொழிலில் பொடி என்பார்கள். கலவை குறைந்த வெப்பத்தில் உருகவேண்டும் என்பதுதான் இங்கே எல்லாமே. பொடியும் நகையும் ஒரே வெப்பத்தில் உருகினால் ஒட்டுவதற்குள் நகையே உருகிக் கட்டியாகிவிடும்.

இந்த வேலையை அருகிலிருந்து பார்ப்பது ஒரு பாடம். இரண்டு துண்டுகளும் ஒளி புகாமல் பொருந்தும்வரை அரத்தால் சீவிச் சேர்க்கிறார். இடைவெளியைப் பொடி நிரப்பும் என்று விட்டால் ஒட்டு நிற்காது. வெங்காரத்தை நீரில் குழைத்து மூட்டில் தடவுகிறார். காற்று பட்டுக் கலவையிலுள்ள செம்பு கருத்துவிட்டால் பொடி ஓடாது என்பதால் வெங்காரம் அதை மூடிக் காக்கிறது. சாமணத்தால் கடுகிலும் சிறிய பொடித் துண்டுகளை எடுத்து மூட்டின்மேல் வைக்கிறார். தீ முதலில் நகையின் பக்கம் தூரமாகச் சுற்றுகிறது. வெங்காரம் வெள்ளையாகப் பொங்கி எழுகிறது. அவசரப்பட்டால் அந்தப் பொங்கலே பொடியைத் தள்ளிவிடும். பிறகு அது அடங்கிக் கண்ணாடி போல் படிகிறது. நகை மங்கிய சிவப்புக்கு வரும்போது, பொடி திடீரென்று தன் உருவை இழந்து ஒரு பளிச்சென்ற கோடாக மூட்டு முழுதும் ஓடுகிறது. தீயை அந்த நொடியில் விலக்கவேண்டும். அடுத்த நொடியில் விலக்கினால் மெல்லிய கம்பி வேலை சுருண்டுவிடும். உருகிய பொடி எப்போதும் வெப்பம் கூடிய பக்கமாகவே ஓடும். ஆகவே தீயைக் காட்டும் திசையால் பொடியை ஓட்டத் தெரிந்தவரே இதில் தேர்ந்தவர். முன்பு உமியோட்டு நெருப்பில் வாயால் ஊதுகுழலை ஊதிச் செய்ததை இப்போது வாயு அடுப்பிலும் லேசர் இயந்திரத்திலும் செய்கிறார்கள். கண் பார்க்கவேண்டியது மாறவில்லை.

ஒட்டிய பிறகு நகை கருத்து, கண்ணாடிப் படலம் ஏறி, அழகற்றதாக இருக்கும். நீர்த்த அமிலத்தில் இட்டு அதை நீக்குவார்கள். முன்பு புளிக்கரைசலில் காய்ச்சினார்கள்.

இங்கேதான் கே.டி.எம். வருகிறது. பழைய பொடியில் செம்பும் வெள்ளியும் கூடுதலாக இருந்ததால் அதன் மாற்று நகையின் மாற்றைவிடக் குறைவு. மூட்டுகள் நிறைந்த நகையை உருக்கும்போது முழு நகையின் தூய்மையும் இறங்கும். ‘வாங்கும்போது 22, விற்கும்போது 20’ என்ற பழைய குறைக்கு இதுவே பெரும் காரணம். காட்மியம் என்ற உலோகத்தைப் பொன்னோடு கலந்தால், ஏறத்தாழ 92 விழுக்காடு பொன் இருந்தும் கலவை குறைந்த வெப்பத்தில் உருகியது. ஆகவே ஒட்டிய இடத்திலும் தூய்மை காத்தது. அந்தப் பொடிக்குரிய பெயரே கே.டி.எம். அது நகையின் தரமுத்திரை அன்று. ஒட்டப் பயன்பட்ட கலவையின் பெயர். மேலும் காட்மியம் 767 பாகையிலேயே ஆவியாகக் கொதித்துவிடும். பொன் வேலை நடப்பது அதற்கு மேற்பட்ட வெப்பத்தில். அந்தப் புகையை ஆண்டுக்கணக்கில் சுவாசித்த பொற்கொல்லரின் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும் என்பதால் காட்மியத்தைக் கைவிட்டுத் துத்தநாகம், இண்டியம் போன்றவற்றுக்கு மாறிவருகிறார்கள். வாங்குபவருக்குப் பெருமையாக இருந்த ஓர் எழுத்துக் கூட்டம், செய்தவருக்கு நஞ்சாக இருந்தது என்பது கடைமேசையில் யாரும் சொல்லாத செய்தி.

இதுவரை பார்த்தது: பொன் கலவையாகி, கம்பியாகவும் தகடாகவும் மாறி, துண்டு துண்டாக ஒட்டப்படுகிறது. மாற்று என்பது கலவையைப் பொறுத்தது. ஒட்டின் தரம் பொடியைப் பொறுத்தது.

வார்ப்பவர்

எல்லா நகையும் துண்டுகளை ஒட்டிச் செய்யப்படுவதில்லை. மோதிரங்கள், பதக்கங்கள், ஒரே வடிவில் நூற்றுக்கணக்கில் வேண்டிய தோடுகள் ஆகியவை வார்ப்பில் பிறக்கின்றன. மெழுகு வார்ப்பு என்பது மெழுகில் உருவம் செய்து, அதைச் சுற்றி அச்சு எழுப்பி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் பொன்னை ஊற்றும் முறை. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளும் இதே முறையில் வார்க்கப்பட்டவையே.

நகைப் பட்டறையில் ஒரு படி கூடுதல். முதல் மாதிரியை ஒருவர் செய்கிறார். முன்பு வெள்ளியில் கையால் செய்தார்கள், இப்போது கணினியில் வரைந்து இயந்திரத்தில் அச்சிடுவதும் உண்டு. அந்த மாதிரியை ரப்பர் பாளங்களுக்கிடையே வைத்து வெப்பத்தில் அழுத்தி, பிறகு கத்தியால் இரண்டாக அறுத்து மாதிரியை எடுத்துவிட்டால், உள்ளே அதன் வடிவம் பள்ளமாக நிற்கும். அதில் உருகிய மெழுகைச் செலுத்தினால் எத்தனை படிகள் வேண்டுமானாலும் கிடைக்கும். இதற்கு நெடுங்காலமாக ஏற்றது என்று பட்டறைக்காரர்கள் கருதியது இயற்கை ரப்பரைத்தான். நம் தோட்டத்து ஷீட்டுக்கும் ஒரு வைர மோதிரத்துக்கும் இப்படியொரு உறவு உண்டு என்பதைப் பால்மரம் வெட்டியவர்களிடம் எவரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

மெழுகுப் படிகளை ஒரு தண்டில் கிளைகளாக ஒட்டிச் சிறு மரம்போல் ஆக்கி, ஜிப்சமும் சிலிக்காவும் கலந்த சாந்தில் அமிழ்த்தி, உலையில் மணிக்கணக்கில் சுட்டு மெழுகு முழுவதையும் எரித்துவிடுகிறார்கள். பிறகு காற்றை உறிஞ்சியோ சுழற்றியோ பொன்னை உள்ளே செலுத்துகிறார்கள். எவ்வளவு பொன் வேண்டும் என்பதை மெழுகு மரத்தை நிறுத்தே கணிக்கலாம். 22 காரட் பொன்னுக்கு மெழுகின் எடையைப் போல ஏறத்தாழ 18 மடங்கு. சூடு ஆறுமுன் நீரில் அமிழ்த்தினால் சாந்து சிதறிப் பொன்மரம் வெளிவரும். கிளைகளை வெட்டி, காம்பு இருந்த இடத்தை அரத்தால் சீவுவது இன்னொரு கை.

தகட்டை எஃகு அச்சுகளுக்கிடையே வைத்து ஓங்கி அடித்து உருவம் பெறும் முறையும் உண்டு. தாலிக் குண்டு, மாங்காய், காசுமாலைக் காசு போன்றவை பெரும்பாலும் இவ்வகை. அங்கே உண்மையான கலைஞர், அந்த அச்சை எஃகில் செதுக்கியவரே.

பட்டை தீட்டுபவர் வேறு, கல் பதிப்பவர் வேறு

கல்லை வெட்டித் தேய்த்து ஒளி தெறிக்கும் பரப்புகளை உண்டாக்குபவர் பட்டை தீட்டுபவர். அவர் பொன்னைத் தொடுவதே இல்லை. உலகின் வைரங்களில் மிகப் பெரும்பகுதி குஜராத்தின் சூரத்தில் பட்டை தீட்டப்படுகிறது. செயற்கைக் கல் வேலையில் திருச்சிராப்பள்ளிக்குப் பெயர் உண்டு. கல் பதிப்பவர் அந்தக் கல்லைப் பொன்னில் உட்காரவைப்பவர். பெரும்பாலும் அவர் பற்றவைக்கமாட்டார். அவருடைய கருவிகள் சிற்றுளியும் உருப்பெருக்கிக் கண்ணாடியும்.

நகையை அரக்கில் பதித்து அசையாமல் நிறுத்துகிறார். கல்லின் அடிப்பாகத்துக்கேற்ப ஒரு சிறு இருக்கையைக் குடைகிறார். கல்லை வைத்து, சுற்றியுள்ள பொன் கால்களை எதிரெதிராக, ஒரு பக்கம் சிறிது, மறுபக்கம் சிறிது என்று சாய்க்கிறார். ஒரே பக்கமாக அழுத்தினால் கல் சாயும். இருக்கை சரியில்லாமல் அழுத்தினால் உடையும். வைரம் எல்லாக் கல்லையும் விடக் கடினமானது என்றாலும் ஒரு கோணத்தில் தட்டினால் பிளக்கும். மரகதத்தில் இயல்பாகவே உள்வெடிப்புகள் இருக்கும். முத்தும் பவளமும் மென்மையானவை. ஒரு கல்லை உடைத்துவிட்டால் அந்த மாதக் கூலி போய்விடும் என்பதால் இது நிதானம் கொண்டவர்களின் வேலை.

அடிப்பக்கம் திறந்த பதிப்பில் ஒளி கீழிருந்தும் கல்லுக்குள் புகும். மூடிய பதிப்பில் கல்லின் பின்னால் மினுங்கும் மெல்லிய தகடு வைத்து நிறத்தைக் கூட்டுவார்கள். அட்டிகையிலும் நாகர்கோவில் வடசேரிக் கோயில் நகைகளிலும் காணும் அடர்ந்த சிவப்புக்கு இந்த ஏற்பாடு காரணம். தண்ணீரோ எண்ணெயோ உள்ளே இறங்கினால் தகடு கருத்துக் கல்லும் மங்கிவிடும். பாட்டியின் அட்டிகையைச் சோப்பு நீரில் ஊறவைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மெருகிடுவது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அரத்தின் கீறல்களைப் படிப்படியாக நுண்மையான பொருள்களால் தேய்த்து, சுழலும் துணிச் சக்கரத்தில் பளபளப்பேற்றுகிறார்கள். அலுப்பூட்டும் வேலை, தூசு நிறைந்த வேலை, கூலி குறைவான வேலை. ஆனால் வாங்குபவர் முதலில் காண்பது இவருடைய கையைத்தான்.

சேதாரம் எங்கே போகிறது?

‘தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான்’ என்ற பழமொழியைச் சொல்லாத ஊர் இல்லை. ‘என்ன பத்தரே, பழசு பதினொரு கிராம் கொடுத்தேன், பத்தரைதானே வருது?’ என்று கேட்கும் அக்காவின் மனத்தில் ஓடுவதும் அதுவே. இங்கே இரண்டு வெவ்வேறு பொருள்கள் ஒரே பெயரில் கலந்துவிட்டன. அவற்றைப் பிரித்தால்தான் விளங்கும்.

முதலாவது, பட்டறையில் உண்மையாகவே உதிர்வது. மூசையின் சுவரில் ஒட்டுகிறது. வாள் அறுக்கும் வழியில் தூளாகிறது. அரத்தின் பற்களில் தங்குகிறது. மெருகுச் சக்கரத்தின் துணியில் ஏறுகிறது. வேலை செய்பவரின் விரலிடுக்கிலும் நகக்கண்ணிலும் கூடச் சேர்கிறது. இதனால்தான் மேசைக்குக் கீழே தோலோ தட்டோ விரித்து வைக்கிறார்கள். கைகழுவிய நீரைச் சாக்கடையில் விடாமல் தொட்டியில் தேக்குகிறார்கள்; பழைய விரிப்பையும் துடைத்த துணியையும் எரித்துச் சாம்பலைச் சேர்க்கிறார்கள். அதை உருக்கி, வெள்ளியையும் செம்பையும் நைட்ரிக் அமிலத்தில் கரைத்து நீக்கியோ, பொன்னையே இராஜ திராவகத்தில் கரைத்து மீண்டும் படியவைத்தோ தூய பொன்னாக மீட்கிறார்கள். இந்தியாவில் பொற்கொல்லர் தெருக்களின் மண்ணையும் சாக்கடைச் சேற்றையும் அலசிப் பிழைப்பவர்களே இருக்கிறார்கள். ஆகவே உதிர்வது உண்மை. பெரும்பகுதி மீள்வதும் உண்மை. மீட்க உழைப்பும் செலவும் ஆவதும் உண்மை. ஒழுங்கான பட்டறையில் ஒவ்வொரு கைக்கும் பொன் நிறுத்துக் கொடுக்கப்பட்டு, வேலை முடிந்ததும் நிறுத்து வாங்கப்படும். ஸ்டோரில் கிராணி எழுதிய கணக்கைப் போலத்தான்.

இரண்டாவது, பில்லில் எழுதப்படும் சேதாரம். இது கடை வகுத்த விலை விதி. எடுத்துக்காட்டாக, 20 கிராம் நகைக்கு 12 விழுக்காடு சேதாரம் என்று போட்டால், 2.4 கிராம் பொன்னின் விலை கூடுகிறது. பட்டறையில் அவ்வளவு காணாமல் போயிற்று என்று இதற்குப் பொருள் இல்லை. நுண்ணிய வேலைக்கு விழுக்காடு ஏறும், எளிய வளையலுக்கு இறங்கும். வேலைப்பாட்டின் கூலியும் கடையின் லாபமும் இதற்குள் அடங்குகின்றன. மலாய்க்காரர்கள் உப்பா என்று தனியாகக் கேட்கும் கூலி, நம் கடைகள் சிலவற்றில் செய்கூலி, சேதாரம் என்று இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ‘செய்கூலி இல்லை’ என்ற விளம்பரத்தைப் பார்த்தால் சேதார விழுக்காட்டைக் கேட்கவேண்டும். ‘சேதாரம் இல்லை’ என்றால் கூலியைக் கேட்கவேண்டும். அந்த விழுக்காட்டை முடிவு செய்தவர் பட்டறையில் குனிந்திருப்பவர் அல்லர். அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் கிராமுக்கு இவ்வளவு, உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிதான். பழமொழி தவறான ஆளைக் குற்றம் சாட்டிக்கொண்டிருக்கிறது என்பதே என் எண்ணம்.

மேலே அக்கா கேட்ட அரை கிராமுக்கு விடை வேறு இடத்தில் இருக்கலாம். பழைய நகையில் படிந்த அழுக்கு, உள்ளே இருந்த அரக்கு, சிறு கற்கள் ஆகியவை உருக்கும்போது போய்விடும். எனவே பழைய நகையைக் கொடுக்கும்போது உருக்குவதற்கு முன்னும் பின்னும் கண்முன்னே நிறுக்கச் சொல்வது உரிமை. அதைக் கேட்டு நல்ல பத்தர் கோபப்படமாட்டார்.

அந்தக் கைகள் இப்போது எங்கே?

பால்மரம் போய்ச் செம்பனை என்னும் எண்ணெய்ப்பனை வந்த ஊர்களில் பத்தர்களும் குறைந்துவிட்டார்கள். கடையிலுள்ள நகைகளில் பல பினாங்கு, கோலாலம்பூர்ப் பட்டறைகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் செய்தே வருகின்றன. இங்குள்ள பட்டறைகளில் கைவேலைக்குத் தமிழ்நாட்டுக் கலைஞர்களை வரவழைப்பது நெடுநாள் வழக்கம். 2009 முதல் வெளிநாட்டுத் தொழிலாளரைப் புதிதாக எடுப்பது நிறுத்தப்பட்டிருந்ததால் அந்த வழியும் அடைபட்டது. 2023-இல் முடிதிருத்தம், ஜவுளி, பொற்கொல்லர் தொழில் ஆகிய மூன்றுக்கும் தடையைத் தளர்த்துவதாக அரசாங்கம் அறிவித்தது. பிள்ளைகள் இத்தொழிலுக்கு வராததற்குச் சோம்பல் காரணம் என்று சொல்வோர் உண்டு. கண்ணும் முதுகும் தேயும் வேலைக்குக் கூலி எவ்வளவு என்று அவர்கள் கேட்டுப் பார்ப்பதில்லை.

பட்டணத்துக் கடையில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் பழுதுபார்க்கும் கை. அறுந்த சங்கிலியை ஒட்டுவது, சுரை தேய்ந்த தோட்டைச் சரிசெய்வது, மோதிரத்தைப் பெரிதாக்குவது போன்றவை அங்கேயே நடக்கும். கல்லில்லாத மோதிரம் என்றால் காத்திருந்தே வாங்கிவிடலாம்: வெட்டி, துண்டு சேர்த்து, பற்றவைத்து, தேய்த்தால் முடிந்தது. கல் வைத்த மோதிரத்துக்கு ஒரு வாரம் என்று சொன்னால் எரிச்சல் வருகிறது. ஆனால் முத்தும் பவளமும் தீயைத் தாங்காது, மரகதம் வெடிக்கும், வைரம்கூடக் காற்றில் அளவுக்கு மீறிய சூட்டில் கருகி மேற்பரப்பு மங்கும். ஆகவே கல் பதிப்பவர் முதலில் கல்லைக் கழற்றவேண்டும், பற்றவைப்பவர் வேலையை முடிக்கவேண்டும், மீண்டும் கல் பதிப்பவரிடம் போகவேண்டும், மெருகு கடைசி. அந்தக் கல் பதிப்பவர் ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ இருக்கிறார். மோதிரத்தைக் கொடுக்கும்போது கல்லின் எண்ணிக்கையையும் கல் நீங்கலான பொன்னின் எடையையும் ரசீதில் தனித்தனியாக எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும்.